"நாங்க திரும்பிப் போகலாமோ?" - அமிர்தி பயணத்தில் கேட்ட கேள்வியும், இலங்கையின் மனித உரிமை நிலவரமும்

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியா அமிர்திக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ஜவ்வாது மலை அடிவாரம், சின்ன உயிரியல் பூங்கா, மழை பெய்திருந்தா அருவி. வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமைன்னா நினைவுக்கு வர்ற இடம். போன மாதம் கல்லூரி நண்பர்கள் நாலு பேர் பைக்கில் போயிருந்தோம்.

அதில் ஒருவன் மட்டும் மதியத்துக்கு மேல மணி பார்த்துக்கிட்டே இருந்தான். "மச்சான், கிளம்பலாமா? நாளைக்குக் காலையில முகாம்ல கணக்கெடுப்பு. இன்னைக்கே போயிடணும்." அவன் வேலூர் மாவட்டத்தில் ஓர் இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவன். பிறந்தது, படித்தது, இன்ஜினீயரிங் முடித்தது எல்லாம் தமிழ்நாட்டில்தான். சென்னையில் ஐடி வேலை. டீம் மொத்தமும் ஆறு மாத புராஜெக்டுக்காக வெளிநாடு போனப்போ இவன் மட்டும் போகலை. கிளையன்ட் ஓகே சொன்னார், மேனேஜரும் ஓகே சொன்னார். பாஸ்போர்ட்தான் இல்லை.

திரும்பும் வழியில் அவன் வீட்டில் டீ குடிச்சோம். அப்போ அவனுடைய அம்மா கேட்டாங்க: "தம்பி, நீங்க பேப்பரிலதானே வேலை செய்யிறீங்கள்? அங்க இப்ப நிலைமை எப்பிடி? நாங்க திரும்பிப் போகலாமோ?"

1990-ல் மன்னார் பக்கத்துக் கிராமத்திலிருந்து படகில் வந்தப்போ அவங்களுக்கு 14 வயசு. அப்பா கொடுத்த காணி உறுதி, அதாவது நிலப்பத்திரம், இன்னும் ஒரு தகரப் பெட்டியில் பத்திரமா இருக்கு. 'தேடிப் பார்த்துச் சொல்றேன்மா' என்று சொல்லிட்டு வந்தேன். தேடிப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். அந்த அம்மா கேட்ட கேள்வி அவங்களுக்கு மட்டுமானது இல்லை.

இது எத்தனை பேரின் கேள்வி?

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். இன்றைக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் 30,000-க்கும் மேல்.

2021-ல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. புதிய வீடுகள் கட்டும் திட்டத்துக்கு முதல்வர் ஸ்டாலின் 2021 நவம்பர் 2-ம் தேதி அடிக்கல் நாட்டியது வேலூரை ஒட்டிய மேல்மொணவூர் முகாமில்தான். வீடு மாறியிருக்கு, பெயர் மாறியிருக்கு. ஆனா சட்டப்படி அவர்கள் யார் என்பது மாறவில்லை. அதற்குப் பிறகு வருவோம். முதலில் அந்தத் தீவு.

என்ன மாறியிருக்கிறது?

இலங்கையின் பரப்பளவு தமிழ்நாட்டில் சரிபாதி. மக்கள்தொகை சுமார் 2.2 கோடி. அந்தச் சின்ன நாட்டில் 26 ஆண்டுகள் போர் நடந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. கடைசிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் சொன்னது. இலங்கை அரசு இதை ஏற்கவில்லை. அதே அறிக்கை விடுதலைப் புலிகள் மீதும் குற்றம் சாட்டியது: மக்களை வெளியேற விடாமல் கேடயமாக வைத்திருந்தது, சிறுவர்களைப் படையில் சேர்த்தது.

இப்போது குண்டு விழுவதில்லை. வடக்கு, கிழக்கில் ரயில் ஓடுது, பள்ளிக்கூடம் நடக்குது, தேர்தல் நடக்குது. போர் முடிந்து ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது. இது சின்ன மாற்றம் இல்லை.

2022-ல் இன்னொரு பெரிய திருப்பம். கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நாடே திவாலாக, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கில் வரிசை நின்றது. சிங்கள, தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் 'அரகலய' என்ற போராட்டத்தில் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 9-ல் அதிபர் மாளிகைக்குள் மக்கள் நுழைந்த வீடியோவை நாம எல்லாரும் போனில் பார்த்தோம். கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடி, ஜூலை 14-ல் பதவி விலகினார். அதே ஆண்டில்தான், போரே இல்லாத காலத்தில், பசிக்கு பயந்து புதிதாக 200-க்கும் மேற்பட்டோர் தனுஷ்கோடி கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க அதிபரானார். நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225-க்கு 159 இடங்களைப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று இடங்கள் அந்தக் கட்சிக்கே போனது. சிங்களர் தலைமையிலான ஒரு தேசியக் கட்சி யாழ்ப்பாணத்தில் முதலிடம் பிடித்தது யாருமே எதிர்பார்க்காத ஒன்று. 'இவங்களாவது செய்வாங்களா பார்ப்போம்' என்று தமிழர்கள் போட்ட ஓட்டு அது. அப்படின்னா செஞ்சாங்களா? ஒவ்வொன்றாப் பார்க்கலாம்.

ஸ்டிக்கர் ஒட்டினாலும் பயங்கரவாதமா?

முதலில் பார்க்க வேண்டியது பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979-ல் 'தற்காலிகம்' என்று கொண்டுவந்தார்கள். 1982-ல் நிரந்தரமாக்கினார்கள். இன்றைக்கும் இருக்கிறது.

இதில் என்ன சிக்கல்? குற்றப்பத்திரிகை இல்லாமலே ஒருவரை மாதக்கணக்கில் அடைத்து வைக்கலாம். அந்த உத்தரவைப் போடுவது நீதிபதி இல்லை, பாதுகாப்பு அமைச்சர். முதலில் 18 மாதம் வரை என்று இருந்தது. 2022 திருத்தத்தில் 12 மாதமாகக் குறைத்தார்கள். இன்னொன்று, உதவிக் காவல் கண்காணிப்பாளர் அல்லது அவருக்கு மேல் உள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கலாம். சாதாரணச் சட்டத்தில் இது செல்லாது. காரணம் எளிது: போலீஸ் அறைக்குள் வாக்குமூலம் எப்படி வாங்கப்பட்டது என்பது வெளியில் யாருக்கும் தெரியாது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம். தமிழில் எழுதுபவர், ஆசிரியர். 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பில் தீவிரவாதம் இருக்கிறது என்று சொல்லி 2020 மே மாதம் கைது செய்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கும் மேல் சிறை. 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. கவிதை எழுதியதற்காக ஒரு மனிதர் வாழ்க்கையில் மூன்றரை ஆண்டுகள் போனது.

'அது பழைய ஆட்சி' என்று சொல்லலாம். தேசிய மக்கள் சக்தி இந்தச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்துத்தான் வந்தது. ஆனால் 2025 மார்ச்சில், காஸா போருக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டியதாக 22 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் கொழும்பில் கைதானார். பயன்படுத்தியது இதே சட்டம். கடும் எதிர்ப்புக்குப் பிறகு ஏப்ரலில் விடுவித்தார்கள்.

மாற்றுச் சட்ட வரைவுகளும் வராமல் இல்லை. 2023-ல் வந்த வரைவில் 'பயங்கரவாதம்' என்பதற்கான விளக்கம் இவ்வளவு அகலமாக இருந்தால் போராட்டம் செய்பவரும் உள்ளே போகலாம் என்று வழக்கறிஞர்களும் மனித உரிமை அமைப்புகளும் எதிர்த்தார்கள்.

அந்த அம்மாக்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில் 2017 பிப்ரவரி 20-ம் தேதி ஒரு போராட்டம் தொடங்கியது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் உட்கார்ந்தார்கள். 3,000 நாட்களைத் தாண்டிவிட்டது. அவர்களில் பலர் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். 'இறுதி நாட்களில் ராணுவத்திடம் நானே கையில் பிடித்து ஒப்படைத்தேன், அவன் எங்கே?' என்பதுதான் பலரின் ஒரே கேள்வி.

'காணாமல் போனவர்' என்று சொல்லாமல் 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று ஏன் சொல்கிறார்கள்? தானாகத் தொலைந்து போகவில்லை, யாரோ கொண்டு போனார்கள் என்பதைச் சொல்லத்தான். 1980-களின் கடைசியிலிருந்து இலங்கையில் இப்படி மறைந்தவர்கள் 60,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்கிறது ஆம்னஸ்டி இன்டர்நேஷனல்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், இந்தக் கணக்கில் சிங்கள இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1987 - 89 ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். அந்த ஜே.வி.பி.தான் இன்றைய ஆளும் கூட்டணியின் முதுகெலும்பு. தன் சொந்தத் தோழர்களையே இப்படி இழந்த ஒரு கட்சி ஆட்சியில் இருக்கும்போதாவது உண்மை வெளிவரும் என்ற எதிர்பார்ப்பு தெற்கிலும் இருக்கிறது, வடக்கிலும் இருக்கிறது.

இதற்கென 'காணாமல் போனோர் அலுவலகம்' என்று ஒன்று 2016-ல் சட்டம் போட்டு, 2018-ல் செயல்படத் தொடங்கியது. ஆனால் யாரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள் என்று கேட்டால் பெரிதாகப் பதில் இல்லை. இறந்ததாகச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், நிவாரணம் தருகிறோம் என்பதைப் பல தாய்மார்கள் மறுக்கிறார்கள். 'அவன் செத்துப் போனான் என்று நானே கையெழுத்துப் போடணுமா?' என்பது அவர்கள் வாதம்.

செம்மணியில் தோண்டத் தோண்ட...

1996 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியை, செம்மணி சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் பிடித்துப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றார்கள். தேடிப்போன அம்மா, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் மூவரையும் கொன்றார்கள். அந்த வழக்கில் 1998-ல் மரண தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999-ல் தோண்டினார்கள், 15 உடல்கள் கிடைத்தன. பிறகு கதை அப்படியே நின்றுபோனது.

2025 பிப்ரவரியில், அதே பகுதியில் உள்ள சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காகக் குழி வெட்டியபோது மனித எலும்புகள் தெரிந்தன. நீதிமன்றக் கண்காணிப்பில் தோண்டத் தொடங்கினார்கள். 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றில் குழந்தைகளுடையதும் உண்டு. ஒரு நீல நிறப் பள்ளிப் பையும் பொம்மையும் மண்ணிலிருந்து வந்த படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2025 ஜூனில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் நேரில் வந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

நீதிமன்றமே முன்னின்று தோண்டுவது, பத்திரிகையாளர்கள் அதைப் பார்க்க முடிவது, இரண்டுமே பெரிய முன்னேற்றம். 20 ஆண்டுகளுக்கு முன்பு நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் அடுத்த கட்டம் கஷ்டமானது. எலும்பு யாருடையது என்று டி.என்.ஏ. பார்த்து உறுதிசெய்யணும், எந்த ஆண்டில் புதைத்தார்கள் என்று கண்டுபிடிக்கணும், யார் பொறுப்பு என்று சொல்லணும். கடைசிப் படியில்தான் இலங்கை எப்போதும் தடுக்கி விழும்.

தண்டனை கிடைத்ததா?

அபூர்வமாகக் கிடைத்திருக்கிறது. 2000-ல் யாழ்ப்பாணம் மிருசுவிலில் ஒரு குழந்தை உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் ராணுவ வீரர் சுனில் ரத்னாயக்கவுக்கு 2015-ல் மரண தண்டனை விதித்தார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், உலகமே கொரோனா செய்தியில் மூழ்கியிருந்தபோது, அதிபர் கோத்தபய அவருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு பட்டியல் மனப்பாடம். யாழ்ப்பாணத்தில் பிபிசிக்குச் செய்தி கொடுத்த நிமலராஜன், 2000. கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்ட 'தராக்கி' சிவராம், 2005. 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, 2009. காணாமல் ஆக்கப்பட்ட கார்ட்டூனிஸ்ட் பிரகீத் எக்னலிகொட, 2010. தமிழர்கள் இருக்கிறார்கள், சிங்களர்களும் இருக்கிறார்கள். ஒரு வழக்கில்கூடக் கொலையாளிகளுக்குத் தண்டனை கிடைக்கவில்லை.

நம்பிக்கை தரும் தீர்ப்புகளும் உண்டு. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் 260-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முன்கூட்டியே உளவுத் தகவல் வந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபர் மைத்ரிபால சிறிசேன சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தரணும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே நீதிமன்றங்கள் சில நேரம் தைரியமாகவே இருக்கின்றன. வழக்கு நீதிமன்றம் வரை வந்து சேர்வதுதான் கஷ்டம்.

காணி உறுதி இருந்தால் காணி கிடைக்குமா?

நண்பனின் அம்மாவுக்கு நான் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

போர்க் காலத்தில் வடக்கில் பெரிய பரப்பு நிலங்களை ராணுவம் எடுத்துக்கொண்டது. 1990-ல் வலிகாமம் வடக்கில் மக்கள் வெளியேற, அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. போருக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஆயிரம் ஏக்கர் விடுவித்திருக்கிறார்கள். முல்லைத்தீவு மாவட்டம் கேப்பாப்புலவில் மக்கள் முகாம் வாசலிலேயே உட்கார்ந்து போராடி 2017-ல் ஒரு பகுதியை வாங்கினார்கள். ஆனால் எல்லாமே திரும்பவில்லை. ராணுவம் போன இடத்தில் வனத்துறை, தொல்லியல் துறை என்று வேறு துறைகள் உரிமை கொண்டாடும் பிரச்சினையும் உண்டு.

2025 மார்ச் 28-ல் வந்த ஓர் அரசிதழ் அறிவிப்பு பெரிய புயலைக் கிளப்பியது. வட மாகாணத்தில் சுமார் 5,940 ஏக்கருக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் ஆவணத்தோடு வரணும், இல்லாவிட்டால் அரசு நிலம் என்றது அறிவிப்பு. பத்திரம் போரில் எரிந்தவர்கள், கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள், நம்ம ஊர் முகாம்களில் இருப்பவர்கள் மூன்று மாதத்தில் எப்படிப் போய் நிற்பார்கள்? எதிர்ப்பும் உச்ச நீதிமன்ற வழக்கும் வந்த பிறகு அரசு பின்வாங்கியது.

அதனால் அந்தத் தகரப் பெட்டி முக்கியம். உறுதி கையில் இருந்தாலே நிலம் கிடைத்துவிடாது. ஆனால் உறுதி இல்லாவிட்டால் கேட்கவே முடியாது.

நிலம், போலீஸ் தொடர்பான அதிகாரங்களை மாகாணங்களுக்குத் தருவதாக 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு 13-வது சட்டத்திருத்தம் வந்தது. முழுதாக நடைமுறைக்கு வரவே இல்லை. இப்போது மாகாண சபையே இல்லை. வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை.

தமிழர்களுக்கு மட்டும்தான் பிரச்சினையா?

இல்லை. நாம இங்கிருந்து பார்க்கும்போது பெரும்பாலும் ஈழத்தமிழர் பிரச்சினை மட்டுமே கண்ணில் படும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் படம் பெரிசு.

1990 அக்டோபரில் வடக்கில் வாழ்ந்த முஸ்லிம்கள் அனைவரையும், சுமார் 70,000 பேரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்களில் பலர் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. கொரோனா காலத்தில், மருத்துவ ஆதாரமே இல்லாமல், இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தது கோத்தபய அரசு. பச்சிளங்குழந்தையின் உடலையும் விடவில்லை. 2021 பிப்ரவரியில்தான் நிறுத்தினார்கள். 2024 ஜூலையில் இலங்கை அரசு மன்னிப்புக் கேட்டது.

மலையகத் தமிழர்கள், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். நம்ம ஊரிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுபோனவர்கள். 1948-ல் சுதந்திரம் வந்த கையோடு அவர்களின் குடியுரிமை போனது. 1964-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்கணும், 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கணும் என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களின் பிரச்சினை தீர 2003 வரை ஆனது. வேலூர் உள்பட நம்ம முகாம்களில் இருப்பவர்களிலும் கணிசமானோர் இந்த மலையக வம்சாவளியினர்தான்.

2024 ஜனவரியில் நிறைவேறிய இணையப் பாதுகாப்புச் சட்டம் இன, மத வேறுபாடு பார்க்காது. எது பொய்த்தகவல் என்று முடிவுசெய்ய ஓர் ஆணையம், தப்பு என்றால் சிறை. நம்ம வயசு ஆட்கள் ரீல்ஸ் போட யோசிக்க வேண்டிய சட்டம். தன்பாலின உறவைக் குற்றமாக்கும் வெள்ளைக்காரர் காலப் பிரிவுகள் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றை நீக்குவது அரசியலமைப்புக்கு எதிரானது இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் நீக்கவில்லை.

ஜெனீவாவில் ஒவ்வொரு தடவையும் என்னதான் நடக்குது?

செய்தியில் 'ஜெனீவா தீர்மானம்' என்று அடிக்கடி வரும். சுருக்கமா சொன்னா, ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நாடுகளின் வாக்கெடுப்பில் தீர்மானம் போடும். அது நீதிமன்றம் இல்லை, யாரையும் கைதுசெய்ய முடியாது.

2015-ல் இலங்கையே இணை அனுசரணை கொடுத்து, விசாரணைக்குச் சிறப்புப் பொறிமுறை அமைப்பதாக ஒப்புக்கொண்டது. 2020-ல் அதிலிருந்து விலகியது. 2021-ல் வந்த 46/1 தீர்மானம்தான் முக்கியமானது. சாட்சியங்களை ஐ.நா.வே சேகரித்துப் பாதுகாக்கும் வேலையை அது தொடங்கி வைத்தது. சாட்சிகள் வயதாகி இறக்கிறார்கள், ஆவணங்கள் அழிகின்றன. என்றைக்காவது ஏதோவொரு நாட்டு நீதிமன்றத்தில் வழக்கு வந்தால் ஆதாரம் வேண்டும், அதுக்குத்தான். 2025 அக்டோபரில் இந்த வேலையை மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள்.

இந்தியா? 2012, 2013-ல் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்தது. 2014, 2021, 2022 வாக்கெடுப்புகளில் ஒதுங்கிக்கொண்டது.

திரும்பிப் போனவருக்கு என்ன நடந்தது?

போர் முடிந்த பிறகு ஆயிரக்கணக்கானோர் ஐ.நா. அகதிகள் ஆணையம் மூலம் ஊர் திரும்பியிருக்கிறார்கள். பெரும்பாலானோர் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் வீடு சேர்ந்தார்கள். ஆனால் 2025 மே மாதக் கடைசியில், தமிழ்நாட்டிலிருந்து முறைப்படி ஐ.நா. உதவியோடு போன 75 வயது முதியவர் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டார். குற்றம் என்ன தெரியுமா? போர்க் காலத்தில் முறையான பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறியது!

கண்டனங்கள் குவிந்தன. இது அரசின் கொள்கை இல்லை, பழைய சட்டம் தானாகப் பாய்ந்துவிட்டது, மாற்றுவோம் என்று அரசுத் தரப்பு விளக்கம் சொன்னது. ஆனால் இங்கே முகாமில் பெட்டியைக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி என்ன சொல்லியிருக்கும்? நண்பனின் அம்மா கேட்ட கேள்விக்குப் பின்னால் இருந்ததும் அதுதான். வாட்ஸ்அப்பில் வந்த அந்தச் செய்தியை அவங்க போனில் இன்னும் வைத்திருந்தாங்க.

சரி, இங்கேயே இருந்தால்?

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 'அகதி' என்ற சட்ட நிலையே இங்கே கிடையாது. முகாமில் இருப்பவர்கள் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் மட்டும்தான் பேசியது. இலங்கை அதில் இல்லை.

இங்கேயே பிறந்தவர்களுக்கு? 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலே இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் இந்திய பாஸ்போர்ட் வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். என் நண்பன் பிறந்தது 1998. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை பெற்றவராக இருக்கணும். அவனுக்கு இல்லை.

2025 மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், உலகெங்கிலுமிருந்து வருபவர்களைத் தங்கவைக்க இந்தியா ஒன்றும் தர்மசாலை இல்லை என்று உச்ச நீதிமன்ற அமர்வு கருத்துச் சொன்னது. செப்டம்பரில் வந்த மத்திய அரசின் உத்தரவு கொஞ்சம் மூச்சு விட வைத்தது. 2015 ஜனவரி 9-ம் தேதி வரை வந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் பாயாது. ஆனால் தண்டனை இல்லை என்பதும் குடியுரிமை என்பதும் ஒன்றில்லை.

ஜவ்வாது மலையிலிருந்து பார்க்கும்போது

'பார்த்தியா, அந்த நாடு எவ்வளவு மோசம்' என்று முடித்துவிட்டால் அது நேர்மையாக இருக்காது. நாங்க நின்ற அமிர்தி, ஜவ்வாது மலையின் ஓரம். 2015 ஏப்ரல் 7-ம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழர்களைச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. அவர்களில் 12 பேர் திருவண்ணாமலை மாவட்டத்தினர். ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் அதில் இருந்தார்கள். தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்றனர் குடும்பத்தினர். குடும்பத்துக்கு 5 லட்சம் இடைக்கால நிவாரணம், சிபிஐ விசாரணை என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் பரிந்துரைத்தது. பத்து ஆண்டுகள் தாண்டியும் யாருக்கும் தண்டனை இல்லை.

கிளிநொச்சி அம்மாவும் ஜவ்வாது மலை அம்மாவும் கேட்பது ஒரே விஷயம்: என் பிள்ளைக்கு என்ன நடந்தது, யார் செய்தது?

அம்மாவுக்கு என்ன சொன்னேன்?

போன வாரம் போனில் பேசினேன். போர் இல்லை, பயப்படாமல் பார்த்துவிட்டு வர முடிகிற அளவுக்கு ஊர் அமைதியாக இருக்கிறது என்றேன். ஆனால் பழைய சட்டங்கள் அப்படியே இருக்கின்றன, காணி கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, வெளியேறியதற்கான அந்தச் சட்டம் மாறிய பிறகு முடிவெடுப்பது நல்லது என்றும் சொன்னேன். போவதா, இருப்பதா என்பதை அவங்கதான் தீர்மானிக்கணும்.

எப்படி முடிவெடுத்தாலும் சில வேலைகள் இப்போதே செய்ய வேண்டியவை. இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பை சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவுசெய்து, வம்சாவளிக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கி வைப்பது ஒன்று. அது இருந்தால்தான் அங்கே அவர்கள் குடிமக்கள். முகாம்களில் வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதற்கு உதவுகிறது. காணி உறுதி, பழைய அடையாள அட்டை, முகாம் பதிவு எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து இரண்டு இடத்தில் வைப்பது இன்னொன்று.

எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க: "நான் போனாலும் போவன் தம்பி. எனக்கு அந்த ஊர் தெரியும். இவனுக்கு அங்க யாரைத் தெரியும்? இவனுக்குத் தெரிஞ்சது வேலூர்தானே."

அன்றைக்கு இரவு நண்பன் அந்தப் பெட்டியிலிருந்த உறுதியை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். ஓரம் பழுப்பேறி, மடிப்பில் கிழிஞ்சு, எழுத்து மட்டும் இன்னும் தெளிவாக இருந்தது. 'நீயும் ஒரு காப்பி வச்சுக்கோ மச்சான்' என்று கீழே எழுதியிருந்தான்.